கடை பெயர் மாறினால் வவுச்சர் செல்லுமா?

கேள்வி: என் மகளின் கிரகப்பிரவேசத்துக்கு அவளுடைய ஆபீஸ் தோழிகள் சேர்ந்து 4,000 ரூபாய்க்கு கிஃப்ட் வவுச்சர் கொடுத்தார்கள். எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மாலில் இருந்த சூப்பர் மார்க்கெட்டின் வவுச்சர். இன்று நாளை என்று தள்ளிப்போட்டுப் போன வாரம் போனால் பெயர்ப் பலகையே மாறியிருக்கிறது. அதே இடம், பில் போடும் பெண்களில் இரண்டு பேர் பழைய ஆட்கள். ஆனால் 'இது வேற கம்பெனிம்மா, செல்லாது' என்கிறார்கள். இது நியாயமா?
– வேளச்சேரி வாசகி

பதில்: நியாயமில்லை என்று உங்களுக்குத் தோன்றுவது சரிதான். ஆனால் சட்டத்தின் பார்வையில் அந்தப் பெண்கள் சொன்னது உண்மையாக இருக்கவும் வாய்ப்புண்டு. இடம் கைமாறியதா, கம்பெனி கைமாறியதா என்பதைப் பொறுத்தது அது.

2022 பிப்ரவரியில் பிக் பஜார் கடைகளுக்கு நடந்ததை நினைத்துப் பாருங்கள். வாடகை கட்ட முடியாமல் அவற்றை நடத்திய ஃபியூச்சர் ரீடெய்ல் நிறுவனம் தவித்தபோது, பல கடைகளின் குத்தகை ரிலையன்ஸ் கைக்குப் போனது. ஊழியர்களுக்கும் அங்கே வேலை தரப்பட்டது. கொஞ்ச நாளில் அதே இடங்களில் ஸ்மார்ட் பஜார் என்று பலகை ஏறியது. கட்டடமும் ஆட்களும் போனார்களே தவிர, கம்பெனி போகவில்லை. அது அதே ஆண்டு ஜூலையில் திவால் நடவடிக்கைக்குள் சென்று, 2024 ஜூலையில் கலைக்க உத்தரவானது. மொத்த விற்பனைக் கடைகளான மெட்ரோ கேஷ் அண்ட் கேரியின் கதை வேறு. அங்கே 2023இல் கம்பெனியையே ரிலையன்ஸ் வாங்கியது. அப்படி வாங்கினால் கம்பெனி கொடுத்த வாக்கும் கடனும் கம்பெனியோடுதான் இருக்கும். முதலாளி மாறிவிட்டார் என்று சொல்லி நழுவ முடியாது.

உங்கள் கடை எந்த வகை என்று தெரிந்துகொள்ள வக்கீல் வேண்டாம். பழைய பில் ஒன்றைத் தேடி எடுங்கள். புதிய கடையில் ஒரு தீப்பெட்டியாவது வாங்கி பில் கேளுங்கள். இரண்டிலும் ஜிஎஸ்டி எண் இருக்கும், மொத்தம் 15 இடம். முதல் இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் அந்த நிறுவனத்தின் பான் எண். இந்தப் பத்தும் இரண்டு பில்லிலும் ஒன்றாக இருந்தால் பெயர்ப் பலகைதான் மாறியிருக்கிறது, கம்பெனி மாறவில்லை. தைரியமாக வவுச்சரை நீட்டலாம். வேறாக இருந்தால் புதிய கடையோடு சண்டை போட்டுப் பயனில்லை. கவுன்டரில் நிற்கும் அந்தப் பெண்களிடம் தயவுசெய்து கோபத்தைக் காட்டாதீர்கள். வேலை போய்விடுமோ என்று பயந்து, எப்படியோ தப்பி வந்தவர்கள் அவர்கள்.

அடுத்து வவுச்சரின் பின்பக்கத்தைப் படியுங்கள். வங்கியோ வேறு நிறுவனமோ வெளியிட்டு, பல கடைகளில் செல்லும் வகை என்றால் இந்தக் கடை மூடியதால் உங்களுக்கு நஷ்டமில்லை. ஒரே கடையில் மட்டும் செல்லும் வவுச்சர் ரிசர்வ் வங்கியின் ப்ரீபெய்டு விதிகளுக்குள் வராது. அந்தப் பணத்துக்குக் கடைக்காரரின் சொல்லைத் தவிர வேறு காவல் இல்லை.

பழைய கம்பெனி வேறு ஊரில், வேறு கிளையில் உயிரோடிருந்தால் அங்கே செலவழியுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், அவ்வளவுதான்.

கம்பெனி திவால் நடவடிக்கையில் இருந்தால், அது முடியும்வரை நுகர்வோர் ஆணையத்திலும் வழக்கு நகராது. திவால் வாரியத்தின் (IBBI) இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடினால் யாரிடம் உரிமை கோர வேண்டும் என்ற அறிவிப்பு கிடைக்கும். மனுவை அனுப்புங்கள். ஆனால் உங்களுக்குப் பொய் நம்பிக்கை தர எனக்கு மனமில்லை. வங்கிகளும் தொழிலாளர்களும் வரிசையில் முன்னால் நிற்பார்கள். வவுச்சர் வைத்திருப்பவர் முறை வரும்போது பெரும்பாலும் பெட்டியில் ஒன்றும் மிஞ்சாது.

கேள்வி: மிக்ஸி வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. விற்ற கடை மூடிவிட்டது. வாரண்டி போயிற்றா?
– குரோம்பேட்டை வாசகர்

பதில்: போகவில்லை. வாரண்டி தருவது மிக்ஸி தயாரித்த கம்பெனி. அவர்களுடைய சர்வீஸ் சென்டருக்கு பில்லோடு போங்கள். பில்லை இன்றே போட்டோ எடுத்து வையுங்கள், அந்த வழவழப்பான தாளில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும். கடையே தனியாகப் பணம் வாங்கிக் கொடுத்த 'எக்ஸ்டெண்டட் வாரண்டி' என்றால் அதன் பின்னால் எந்த நிறுவனம் இருக்கிறது என்று பாருங்கள். கடையின் பெயர் மட்டும் இருந்தால், வவுச்சருக்குச் சொன்னதுதான் இதற்கும்.

கேள்வி: எங்கள் பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் 'கடை காலி செய்கிறோம், எல்லாம் பாதி விலை' என்று பேனர். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்றும் எழுதியிருக்கிறார்கள். வாங்கலாமா?
– ஆவடி வாசகி

பதில்: வாங்கலாம், பார்த்து வாங்குங்கள். பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது, என்ன பலகை வைத்தாலும், முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது சட்டம். ஆனால் பத்து நாளில் ஷட்டரை இறக்கப்போகிறவரிடம் இந்த 30 நாள் உங்களுக்கு எந்த விதத்தில் உதவும்? ஆகவே சரிபார்ப்பதையெல்லாம் கடைக்குள்ளேயே முடித்துவிடுங்கள். அயர்ன் பாக்ஸோ குக்கரோ, பெட்டியைத் திறந்து பாருங்கள். மின்சாதனத்தை பிளக்கில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். எண்ணெய், கோதுமை மாவு, முக்கியமாகக் குழந்தைகளுக்கான மாவு டப்பா, எல்லாவற்றிலும் காலாவதித் தேதியை நீங்களே படியுங்கள். அலமாரியின் முன்வரிசையில் புதியதும் பின்வரிசையில் பழையதும் இருக்கலாம், பின்வரிசையில் இருந்தே எடுப்பவர்கள் கவனம். எம்ஆர்பி மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் உரித்துப் பாருங்கள். விலையைக் குறைக்க மட்டும்தான் ஸ்டிக்கர் ஒட்டலாம், அதுவும் பழைய விலையை மறைக்காமல். பாதி விலை என்பது எந்த விலையில் பாதி என்று அப்போது தெரிந்துவிடும்.

கேள்வி: கடை மூடப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா? என் கார்டில் நிறைய பாயிண்ட்ஸ் இருக்கிறது.
– பல்லாவரம் வாசகர்

பதில்: அலமாரி சொல்லிவிடும். 1997இல் திருவான்மியூரில் தொடங்கி நாடு முழுக்கச் சுமார் 1,600 கடைகளாக வளர்ந்த சுபிக்ஷா, 2009 தொடக்கத்தில் நின்றுபோனது. கையில் ரொக்கம் வற்றியதுதான் காரணம். ரொக்கம் வற்றினால் சரக்கு அனுப்புகிறவர்கள் முதலில் கையை இழுப்பார்கள். நீங்கள் வழக்கமாக வாங்கும் பருப்பும் சோப்பும் வாரக்கணக்கில் வராமலிருக்கும். காலி இடம் தெரியாமலிருக்க ஒரே பிஸ்கட்டை நான்கு அடுக்குக்குப் பரப்பியிருப்பார்கள். பால், தயிர் ஃப்ரிட்ஜில் விளக்கு அணைந்திருக்கும். பத்து கவுன்டர் இருந்த இடத்தில் இரண்டில்தான் ஆள் இருப்பார். இவற்றில் இரண்டு சேர்ந்து கண்ணில் பட்டால், பாயிண்ட்ஸ் இன்னும் சேரட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே அரிசியாகவோ எண்ணெயாகவோ மாற்றிக்கொண்டு வந்துவிடுங்கள். மாதக் கடைசியில் வரும் 'டபுள் பாயிண்ட்ஸ்' அறிவிப்புக்காகவும் நிற்க வேண்டாம்.