சுடவா, பூட்டி வைக்கவா? துப்பாக்கி வைத்திருப்பவர்களின் கேள்விகள்

கேள்வி: தாத்தாவின் இரட்டைக்குழல் துப்பாக்கி முறைப்படி என் பெயருக்கு மாறி வந்திருக்கிறது. இருபது வருடமாக யாரும் அதைச் சுடவில்லை. குழல்கள் மேல் பாம்புச்சட்டை போல வரிவரியாக ஒரு கோலம் தெரிகிறது. விற்பனையாளர் ஒருவர், “மெருகேற்றி, புதிதாகக் கருநீலப் பூச்சு போட்டால் நல்ல விலைக்குப் போகும்” என்கிறார். மகனோ ஒரு தடவையாவது சுட்டுப் பார்க்கலாம் என்று நச்சரிக்கிறான். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இப்போதைக்கு இருவர் பேச்சையும் கேட்காதீர்கள். அந்த வரிகள் பெரும்பாலும் டமாஸ்கஸ் குழலின் அடையாளம். இரும்பையும் எஃகையும் பட்டை பட்டையாக முறுக்கி, ஒரு கம்பியைச் சுற்றி வளைத்து, உலையில் காய்ச்சி அடித்து ஒட்டவைத்தால் வருவது அந்தக் கோலம். இது புகை கக்கும் பழைய வெடிமருந்தான கரிமருந்துக் காலத்து வேலைப்பாடு. 1884-ல் பிரான்சில் பால் வியேல் புகையில்லா மருந்தை உருவாக்கிய பிறகு தோட்டாக்களின் குணமே மாறிவிட்டது. பழைய குழலை மனதில் வைத்து யாரும் இன்றைய தோட்டாவைச் செய்வதில்லை.

அதற்காக டமாஸ்கஸ் என்றாலே வெடித்துவிடும் என்றும் பயப்பட வேண்டாம். புகையில்லா மருந்துக்கும் சோதித்து முத்திரை வாங்கிய டமாஸ்கஸ் குழல்கள் உண்டு. குழல்களைக் கழற்றிக் கவிழ்த்துப் பாருங்கள். அடிப்பக்கத்தில், தோட்டா உட்காரும் இடமான சேம்பருக்குக் கீழே, சின்னச் சின்ன முத்திரைகள் இருக்கும். பிரிட்டனில் செய்ததென்றால் லண்டன் அல்லது பர்மிங்காம் சோதனைக்கூடத்தின் முத்திரை இருக்க வேண்டும் (பர்மிங்காம் கூடம் 1813-லிருந்து இந்த வேலையைச் செய்கிறது). முத்திரை போட்ட பிறகு குழலின் உட்புறத்தைத் தேய்த்து மெருகேற்றியிருந்தால் சுவர் மெலிந்திருக்கும், அந்த முத்திரையை நம்பிச் சுட முடியாது. அதனால் கைதேர்ந்த துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து, உள்விட்டத்தையும் சுவரின் தடிமனையும் கருவி வைத்து அளக்கச் சொல்லுங்கள். கண்ணால் பார்த்து “நல்லாத்தான் இருக்கு” என்று சொல்பவரிடம் கொடுக்காதீர்கள்.

பலர் கோட்டை விடும் இன்னோர் இடம் சேம்பரின் நீளம். பழைய 12 போர் (குழலின் உள்அளவு) துப்பாக்கிகள் பலவற்றில் அது 65 மில்லிமீட்டர்தான். இன்று சாதாரணமாகக் கிடைக்கும் 70 மில்லிமீட்டர் தோட்டாவும் அதற்குள் சிக்கலில்லாமல் நுழைந்துவிடும், ஏனென்றால் சுடாத தோட்டாவின் வாய் மடிந்து குட்டையாக இருக்கிறது. சுட்டதும் அந்த மடிப்பு விரிந்து குழலின் குறுகிய பகுதிக்குள் நீளும், அழுத்தம் எகிறும். தோட்டா உள்ளே போவதால் அது பொருந்திவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அளவும் முத்திரையும் சரியென்று வந்தால், சரியான நீளமும் குறைந்த அழுத்தமும் உள்ள தோட்டாவைப் போட்டு மகன் தாராளமாகச் சுடட்டும். தாத்தா தோளில் வைத்துச் சுட்ட துப்பாக்கி அது. கொள்ளுப்பேரன் கையில் ஒரு தரம் பேசினால் எந்த மதிப்பும் குறையாது. சரியில்லை என்று வந்தால் சுடும் பேச்சையே விட்டுவிடுங்கள்.

புதுப் பூச்சு மட்டும் எந்த நிலையிலும் வேண்டாம். மெருகேற்றும்போது செதுக்கு வேலையின் முனைகள் மழுங்கும், எழுத்துகள் தேயும். அதைவிட மோசம், இன்றைய கருநீலப் பூச்சைக் கொதிக்கும் கார உப்புத் தொட்டியில் முக்கித்தான் போடுகிறார்கள். இரட்டைக்குழலின் இரு குழல்களையும் நடுப்பட்டையையும் பிடித்து வைத்திருக்கும் ஈயப்பற்றை அந்தக் காரம் அரித்துவிடும். டமாஸ்கஸுக்கு உரிய பழுப்பு நிறமும் போய்விடும். போன பழைய பூச்சை எவ்வளவு செலவழித்தாலும் திரும்ப வாங்க முடியாது.

இன்றே ஒரு வேலை செய்யுங்கள். துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வெள்ளைத் துணித்துண்டில் எண்ணெய் தொட்டுக் குழலுக்குள் தள்ளி எடுங்கள். துணி கறுப்பாக வந்தால் அது பழைய மருந்துக்கரி, கவலையில்லை. செங்கல் நிறத்தில் வந்தால் துரு தொடங்கிவிட்டது. நான் பார்த்தவரை, சுட்டுத் துடைத்து வைத்த துப்பாக்கிகளைவிடத் தொடாமல் ‘பத்திரமாக’ வைத்தவற்றில்தான் இந்தச் செங்கல் நிறம் அதிகம்.

கேள்வி: ஆசைப்பட்டு ஒரு ஸ்மித் அண்ட் வெஸன் ரிவால்வர் வாங்கினேன். ஆறே ஆறு தோட்டா சுட்டேன். தோட்டாக்கள் இருக்கும் சிலிண்டரைச் சுற்றி மெல்லிய கோடு விழுந்துவிட்டது. நண்பர் “பாதி மதிப்பு போச்சு” என்கிறார். கடையில் திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க முடியாது, கொடுக்கவும் வேண்டாம். சிலிண்டரை ஒவ்வொரு தோட்டாவுக்கும் நேராக நிறுத்தும் சின்னப் பூட்டு ஒன்று கீழே இருக்கிறது. சிலிண்டர் சுழலும்போது அது உரசுவதால் விழும் கோடு இது. உங்களுடைய வகையில் இது இயல்பு. 1873-லிருந்து வரும் கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி போன்ற, ஒவ்வொரு தடவையும் சுத்தியலைக் கையால் இழுத்துச் சுடும் ரிவால்வர்களில் முழுச் சுற்றுக் கோடு இருந்தால், சுத்தியலைப் பாதி நிலையிலிருந்தே இறக்கும் பழக்கம் யாருக்கோ இருந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். முழுக்கப் பின்னால் இழுத்துவிட்டுத்தான் இறக்க வேண்டும்.

மதிப்பைப் பொறுத்தவரை, உங்கள் மாடல் இன்றும் தொழிற்சாலையிலிருந்து வந்துகொண்டிருந்தால் சுடுங்கள், நிம்மதியாகச் சுடுங்கள். கையிருப்பில் நூற்றுக்கணக்கில் இருக்கும் பொருளைப் பெட்டிக்குள் வைத்து யாருக்காகக் காக்கிறீர்கள்? கோல்ட் பைத்தான் ரிவால்வரின் கதை வேறு. 1955-ல் வந்து, 2005-ல் உற்பத்தி நின்று, பழையவற்றின் விலை ஏறிக்கொண்டே போனது. பெட்டியும் தாள்களும் கலையாத பழைய பைத்தானைச் சுட எனக்கே கை வராது. ஆனால் 2020-ல் அதே பெயரில் புதியது வந்துவிட்டது. பழையதை வைத்துக்கொண்டு புதியதைச் சுடலாம். நான் யாருக்கும் சொல்வது இதுதான்: வாங்கும் முன்பே, இது சுடவா, வைக்கவா என்று முடிவெடுங்கள். ஒரே துப்பாக்கியை இரண்டுக்கும் வாங்கியவர்தான் ஒவ்வொரு தோட்டாவுக்கும் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறார்.

இன்னொன்று, ‘சுடாதது’ என்று விளம்பரம் செய்தாலும் தொழிற்சாலையிலேயே சில தோட்டாக்கள் சுட்டுப் பார்த்துத்தான் அனுப்புவார்கள்.

கேள்வி: பாகங்களின் எண்கள் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்திய இரண்டாம் உலகப்போர்க் கால ஜெர்மன் மவுசர் கே98 ரைஃபிளுக்கு அதிக விலை கேட்கிறார்கள். நியாயமா? அதற்குப் பழைய ராணுவத் தோட்டா மலிவாகக் கிடைக்கிறது, பயன்படுத்தலாமா?

பதில்: எண்கள் பொருந்தியதா, பொருந்தவைத்ததா என்று பாருங்கள். போருக்குப் பிறகு சோவியத் கைப்பற்றிய ரைஃபிள்களை மொத்தமாகப் பிரித்து, பழுதுபார்த்து, கலந்து பூட்டினார்கள். பிறகு பாகங்களில் மின்முனையால் புது எண்ணைக் கிறுக்கினார்கள். அச்சில் அடித்த எண் ஆழமாகவும் சீராகவும் இருக்கும். கிறுக்கியது கையெழுத்துப்போல நெளியும். கட்டையில் செந்நிற அரக்கு மினுக்கம் இருந்தாலும், ஜெர்மன் கழுகு முத்திரை கொத்தி அழித்திருந்தாலும் அது பெரும்பாலும் அந்த வழியில் வந்ததுதான். சுடுவதற்கு அருமையான துப்பாக்கி, ஆனால் சேகரிப்பாளர் விலை கொடுக்காதீர்கள்.

பழைய ராணுவத் தோட்டாக்கள் பலவற்றில் தீமூட்டும் கலவையில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்டபின் குழலில் தங்குவது பொட்டாசியம் குளோரைடு, சமையல் உப்பின் உறவுக்காரன். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து ஓரிரு நாளிலேயே துருவைக் கூப்பிடும். எண்ணெயில் உப்பு கரையாது. அன்றைக்கே வெந்நீர் ஊற்றிக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, அதன்பிறகு எண்ணெய் போடுங்கள். இதைச் செய்யச் சோம்பல் இருந்தால் அந்த மலிவு வேண்டாம்.

கேள்வி: தங்க நிறம் பூசிய நினைவுப் பதிப்பு ரைஃபிள் ஒன்றை முதலீடாக வாங்கலாமா?

பதில்: பிடித்திருந்தால் வாங்குங்கள், முதலீடாக வேண்டாம். வின்செஸ்டர் 1966-ல் வெளியிட்ட நூற்றாண்டுப் பதிப்பு ஒரு லட்சத்துக்கும் மேல் தயாரானது. வாங்கியவர்களில் பெரும்பாலோர் சுடாமல் பெட்டியோடு வைத்தார்கள். எல்லோரும் காத்த பொருள் எப்படி அரிதாகும்?

கேள்வி: பிஸ்டலைத் தோல் உறையிலேயே பூட்டி வைக்கலாமா?

பதில்: கூடாது. தோலைப் பதப்படுத்தும்போது சேர்ந்த அமிலமும் உப்பும் அதில் தங்கியிருக்கும், தோல் ஈரத்தையும் பிடித்து வைக்கும். நான் ஒரு மழைக்காலம் முழுக்க அப்படி விட்டதில், உறையின் தையல் போன வழியே துருக்கோடு விழுந்துவிட்டது. தோட்டாவின் பித்தளையும் பச்சை பிடிக்கும். பஞ்சு வைத்த பெட்டியும் இதே வேலையைத்தான் செய்யும். தோட்டாவை எடுத்துவிட்டு, கைவியர்வை போகத் துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் படலத்தோடு, பூட்டுள்ள அலமாரியில் சிலிக்கா ஜெல் பையுடன் வையுங்கள். நீளத் துப்பாக்கி என்றால் குழல்வாய் கீழே இருக்கட்டும், இல்லாவிட்டால் எண்ணெய் இறங்கிக் கட்டையின் கழுத்தை ஊறவைத்துவிடும்.