புவியியல் வகுப்பில் சினிமா, பாட்காஸ்ட், செய்திகளை எப்படிப் பயன்படுத்துவது?

முழுப் படத்தையும் ஓடவிட்டு ஆசிரியர் ஓரமாக உட்கார்ந்தால் பலனில்லை. நான் செய்தியிலிருந்துதான் தொடங்குவேன். 2021 மார்ச் 23 அன்று 400 மீட்டர் நீளமுள்ள எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி, ஆறு நாள் வழியை அடைத்தது. அந்தச் செயற்கைக்கோள் படத்தைக் காட்டுங்கள். அப்புறம் உலக உருண்டையில் நூல் வைத்து, மும்பையிலிருந்து நெதர்லாந்தின் ராட்டர்டாம் துறைமுகத்துக்கு சூயஸ் வழியாகவும், ஆப்பிரிக்காவின் தெற்கே உள்ள நன்னம்பிக்கை முனையைச் சுற்றியும் அளக்கச் சொல்லுங்கள். (தட்டை வரைபடம் வேண்டாம், தூரத்தில் பொய் சொல்லும்.) நூல் நீளும்போதே எரிபொருள் செலவு பற்றிய கேள்வி தானாக வரும். 2023 இறுதியில் சூயஸுக்குப் போகும் வழியான செங்கடலில் கப்பல்கள் மீது நடந்த தாக்குதல்களால் பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனதையும் அங்கேயே சேர்க்கலாம்.

பாட்காஸ்ட் என்றால், கேட்டபடியே வரைபடத்தில் இடங்களைக் குறிக்கட்டும். சினிமாவுக்குப் பத்து நிமிடக் காட்சி போதும். கதை நடக்கும் ஊரும் படம்பிடித்த ஊரும் ஒன்றுதானா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள், வகுப்பே துப்பறிய இறங்கிவிடும்.