உதவியவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது

வணக்கம் மேடம்,

எனக்கு 41 வயது. ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. வீட்டில் கணவர், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், மாமியார்.

போன வருடம் கணவருக்கு முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை நடந்தது. எழுந்து நடமாட மாதக்கணக்கில் ஆனது. அந்தக் காலத்தில் எங்களைத் தாங்கிப் பிடித்தது அக்கம்பக்கமும் சொந்தபந்தமும்தான். மேல்வீட்டு அக்கா பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தார். ராத்திரிச் சாப்பாட்டை எங்களுக்கும் சேர்த்தே சமைத்தார். கணவரின் நண்பர்கள் முறை போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். அலுவலகத்தில் பக்கத்து மேசைப் பெண் என் மாதக் கடைசி வேலையையும் தன் தலையில் போட்டுக்கொண்டாள். கணவருடைய அண்ணன் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பெரிய தொகை கொடுத்தார். பகலில் மாமியார் கணவருடன் இருந்ததால் நான் வேலைக்கும் போய்வந்தேன்.

இப்போது எல்லாம் சரியாகிவிட்டது. அவர் வேலைக்குப் போகிறார். "உனக்கு வாய்ச்ச மனுஷங்க யாருக்கு வாய்க்கும்?" என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் எனக்குச் சந்தோஷம் வர மாட்டேன் என்கிறது. மேல்வீட்டு அக்கா படியில் இறங்கும் சத்தம் கேட்டால், அவர் போகும்வரை கதவுக்குப் பின்னால் நின்றுவிடுகிறேன். அவருக்கு இன்னும் ஒன்றும் திருப்பிச் செய்யவில்லையே என்று நெஞ்சை அடைக்கிறது.

தொழில் பழக்கமோ என்னவோ, அந்த நாட்களில் ஒரு நோட்டுப் போட்டு யார் என்ன செய்தார்கள் என்று தேதி வாரியாக எழுதிவைத்தேன். எதிர்ப் பக்கத்தில் நான் பதிலுக்குச் செய்ததை எழுத இடம் விட்டிருந்தேன். அந்தப் பக்கம் முக்கால்வாசி காலி. அதை நிரப்பத்தான் அக்காவுக்கு ஒரு நல்ல கைக்கடிகாரம் வாங்கிக்கொண்டு போனேன். அவர் "எதுக்கும்மா இதெல்லாம்?" என்று கேட்டுவிட்டு, பிரிக்காமலேயே ஃப்ரிட்ஜ் மேல் வைத்தார். பிறகு பேச்சை மாற்றிவிட்டார். அதிலிருந்து முன்பு போல உள்ளே வந்து உட்காருவதில்லை. வாசலோடு பேசிவிட்டுப் போய்விடுகிறார். நான் என்ன தப்பாகச் செய்துவிட்டேன்?

இன்னொரு பக்கம் என் ஓரகத்தி. நாலு பேர் கூடும் இடத்தில் எல்லாம், "அன்னைக்கு நாங்க மட்டும் இல்லேன்னா..." என்று ஆரம்பிப்பார். எனக்குத் தலையைக் குனிந்துகொள்ளத்தான் தோன்றும்.

கணவர் எல்லோரிடமும் உருகுகிறார். நண்பர்களிடம் ஃபோனில் பேசும்போது கண் கலங்குகிறார். அவரைத் தூக்கி உட்காரவைத்து, குளிப்பாட்டி, நேரத்துக்கு மாத்திரை கொடுத்து, அலுவலகத்துக்கும் ஓடிய எனக்கு ஒரு வார்த்தை கிடையாது. கேட்டால், "நீ என் பொண்டாட்டி, உனக்குப் போய் யாராவது நன்றி சொல்வாங்களா?" என்று சிரிக்கிறார். மாமியாரோ, "நமக்கு என்ன குறை? எல்லாம் கடவுள் குடுத்திருக்கார், முகத்தைத் தூக்கி வெச்சுக்காதே" என்கிறார்.

ஒரு தோழி, தினமும் தூங்கும் முன் பத்து நல்ல விஷயங்களை எழுதச் சொன்னாள். எழுதுகிறேன். அவர் குணமானார், பிள்ளைகள் நலம், நல்ல மனிதர்கள் அமைந்தார்கள் என்று நேற்று எழுதியதே இன்றும். எழுதி முடித்துவிட்டுக் குளியலறைக்குப் போய் அழுகிறேன். நான் நன்றி கெட்டவளா மேடம்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

நன்றி கெட்டவர்கள் நோட்டுப் போட்டு எழுதிவைப்பதில்லை. அந்தக் கவலையை விட்டுவிடுங்கள்.

உங்கள் மனசில் இரண்டு உணர்வுகள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. ஒன்று, இவர்கள் எவ்வளவு நல்லவர்கள் என்ற நெகிழ்ச்சி. இன்னொன்று, இதை எப்படித் தீர்க்கப்போகிறேன் என்ற பாரம். வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத் தெரியும். ஆனால் முதலாவது நம்மை அந்த மனிதரின் பக்கம் போகவைக்கும். இரண்டாவது கதவுக்குப் பின்னால் நிற்கவைக்கும். பிலிப் வாட்கின்ஸ் என்ற உளவியலாளரும் அவரது குழுவினரும் 2006-இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். உதவுகிறவர் பதிலுக்கு எதிர்பார்க்கிறார் என்பது கூடக் கூட, உதவி பெற்றவருக்குக் கடன்பட்ட உணர்வு ஏறியது, நன்றியுணர்வு இறங்கியது. உங்கள் மேல்வீட்டு அக்கா எதையும் எதிர்பார்த்ததாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அந்த எதிர்பார்ப்பை அவர் சார்பில் நீங்களே எழுதிக்கொண்டுவிட்டீர்கள், அந்த எதிர்ப் பக்கத்தில்.

இது உங்கள் குணக்கேடு அல்ல. கண்ணுக்குத் தெரியும்படி வாங்கும் உதவி யாருக்குமே கொஞ்சம் கனக்கும். வழக்கறிஞர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர்களையும் அவர்களுடைய துணைகளையும் தினக்குறிப்பு எழுதவைத்து நையல் போல்ஜர் என்ற ஆய்வாளரும் குழுவினரும் செய்த ஆய்வு ஒன்று 2000-இல் வெளிவந்தது. துணை உதவினார், ஆனால் படிக்கிறவர் அதைக் கவனிக்கவே இல்லை என்ற நாட்களில்தான் உதவி நன்றாக வேலை செய்திருந்தது. 'எனக்கு உதவுகிறார்கள்' என்று தெரிவதே, 'என்னால் தனியாக முடியவில்லை' என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. மாதக்கணக்கில், காலை முதல் ராத்திரி வரை, எல்லோர் கண்ணுக்கும் முன்னால் உதவி வாங்கிய குடும்பத்துக்குக் கூச்சம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இப்போது கைக்கடிகாரத்துக்கு வருகிறேன். கடிதத்தில் நான் அதிக நேரம் நின்ற இடம் அதுதான்.

மார்கரெட் கிளார்க், ஜட்சன் மில்ஸ் என்ற இருவர் 1979-இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்துக்குப் பொருந்தும். வெறும் கொடுக்கல் வாங்கல் பழக்கத்தில், செய்த உதவிக்கு உடனே பதில் பலன் கிடைத்தால் அந்த ஆளை நமக்குப் பிடித்துப்போகிறது. ஆனால் நெருக்கமான உறவை எதிர்பார்க்கும் இடத்தில் அதே பதில் பலன் வந்தால் பிடிப்பு குறைகிறது. அக்காவின் மனசுக்குள் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் பிரிக்காமல் ஃப்ரிட்ஜ் மேல் வைத்ததைப் பார்த்தால், 'கணக்குத் தீர்ந்தது' என்று அவர் காதில் விழுந்திருக்கலாம். உங்கள் பிள்ளைகளைத் தன் பிள்ளைகளாக நினைத்துக் கூட்டிப்போனவருக்குக் கூலி கொடுத்தது போல அது பட்டிருக்கும். நீங்கள் மரியாதையாகத்தான் கொடுத்தீர்கள், அதில் சந்தேகமில்லை. பரிசு தவறில்லை, நெருக்கத்தில் எல்லோரும் பரிசு கொடுக்கிறோம். ஆனால் தீர்த்துவிட வேண்டும் என்ற அவசரத்தோடு கொடுத்தால் அது எப்படியோ தெரிந்துவிடுகிறது.

அதனால் ஒரு நாள் கையில் எதுவும் எடுத்துக்கொள்ளாமல் மேலே போங்கள். போய், அவர் செய்ததில் ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள். "நீங்க இல்லேன்னா நான் வேலைக்கே போயிருக்க முடியாது" என்பது நல்ல வாக்கியம்தான், ஆனால் அதில் முழுக்க நீங்கள்தான் இருக்கிறீர்கள். "காலையில நாங்க எல்லாம் கத்திக்கிட்டு இருந்தப்போ, நீங்க மட்டும் குரலே உயர்த்தாம பிள்ளைங்களைக் கிளப்பிக் கூட்டிட்டுப் போவீங்களே, அந்த நிதானத்தை நான் பார்த்துக்கிட்டே இருப்பேன்க்கா" என்றால், அதில் அவர் இருக்கிறார். (இது நான் கற்பனையாகச் சொன்னது, உங்களுக்குத்தான் உண்மையானது தெரியும்.) சாரா ஆல்கோ என்பவர் தம்பதிகளிடம் செய்த ஆய்வுகளிலும் இதே வித்தியாசம் தெரிந்தது. எனக்கு என்ன கிடைத்தது என்பதைவிட, நீ எப்படிப்பட்ட ஆள் என்று சொல்லும் நன்றிதான் கேட்டவரை அதிகம் தொட்டது.

அசட்டுத்தனமாக இருக்குமே என்று தயங்குவீர்கள். 2018-இல் அமித் குமார், நிக்கோலஸ் எப்லி இருவரும் ஆட்களை நன்றிக் கடிதம் எழுதவைத்து, வாங்கியவர்களிடமும் விசாரித்தார்கள். எழுதியவர்கள் பயந்த அளவுக்கு வாங்கியவர்களுக்குச் சங்கடம் இருக்கவில்லை. நினைத்ததைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டிருந்தார்கள்.

அப்புறம் இன்னொன்று செய்யச் சொன்னால் உங்களுக்கு வினோதமாக இருக்கும். அக்காவிடம் மறுபடி ஏதாவது சின்ன உதவி கேளுங்கள். நிஜமாகவே தேவைப்படும் ஒன்று, அவருக்கு அதிகம் சிரமம் இல்லாத ஒன்று. நீங்கள் கேட்டால்தான் நாளைக்கு அவரும் உங்களிடம் உரிமையோடு கேட்பார். அவர் வீட்டுக்கும் ஒரு கஷ்ட காலம் வரலாம்; அன்றைக்கு அவர் தயங்காமல் உங்கள் கதவைத் தட்ட வேண்டும். நீங்கள் ஒளிந்துகொண்டே இருந்தால் அது நடக்காது. அலுவலகப் பெண்ணுக்கும் இதேதான்: அவளுக்கு லீவு தேவைப்படும் மாதக் கடைசி ஒன்று வராமலா போகும்?

கணவரின் அண்ணன் கொடுத்த பணம் வேறு விஷயம். அது கடனா, கொடுத்ததா என்று வெளிப்படையாகப் பேசியிருக்கிறீர்களா? கடிதத்தில் தெரியவில்லை. கணவரோடு போய் அவரிடமே கேட்டுவிடுங்கள். கடன் என்றால் மாதம் இவ்வளவு என்று முடிவு செய்து கட்டத் தொடங்குங்கள். உங்கள் கணக்கு நோட்டுக்கு இங்கே நல்ல வேலை இருக்கிறது. ஓரகத்தி அடுத்த முறை ஆரம்பித்தால் தலை குனிய வேண்டாம். "ஆமாக்கா, அன்னைக்கு நீங்க இல்லேன்னா ரொம்பக் கஷ்டப்பட்டிருப்போம்" என்று நிமிர்ந்தே சொல்லிவிட்டு, பேச்சை வேறு பக்கம் கொண்டுபோங்கள். உண்மையை நீங்களே முதலில் சொல்லிவிட்டால் அதைக் குத்திக்காட்ட அவருக்கு அதிகம் இருக்காது. அதற்கு மேலும் தொடர்ந்தால், அது அவருடைய சுபாவம். அதை உங்களால் கட்டித் தீர்க்க முடியாது.

உங்கள் கணவரின் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. பொண்டாட்டிக்கு நன்றி சொல்லத் தேவையில்லை என்பது கேட்க அன்பாக இருக்கலாம். நடைமுறையில், வெளியாள் செய்தால் உதவி, நீங்கள் செய்தால் கடமை என்று ஆகிவிடுகிறது. தினமும் நடப்பது கண்ணில் படாமல் போவது மனித இயல்பு. 1979-இல் மைக்கேல் ராஸ், ஃபியோரே சிக்கோலி இருவரும் தம்பதிகளிடம் வீட்டு வேலைகளில் உங்கள் பங்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டார்கள். பெரும்பாலான வேலைகளில் இருவர் சொன்னதையும் கூட்டினால் முழு வேலையையே தாண்டியது. நாம் செய்தது நமக்கு நன்றாக நினைவிருக்கிறது, மற்றவர் செய்தது மங்கிவிடுகிறது.

அவரிடம் நன்றி கேட்காதீர்கள், கேட்டு வாங்கியது இனிக்காது. சண்டை இல்லாத ஒரு நேரத்தில், "அந்த மாசங்கள்ல நான் எப்படி இருந்தேன்னு உங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கு? சொல்லுங்க" என்று கேளுங்கள். அவர் படுத்திருந்த பக்கத்தில் இருந்து பார்த்ததை அவர் சொல்லட்டும். நீங்கள் நின்ற பக்கத்தில் இருந்து பார்த்ததை நீங்கள் சொல்லுங்கள். நோயாளியாக அவருக்கும் வெட்கம், பயம், தன்னால் ஒன்றும் முடியவில்லையே என்ற கோபம் எல்லாம் இருந்திருக்கும். மனைவியிடம் நன்றி என்று வாய் திறந்தால் அதெல்லாம் சேர்ந்து வந்துவிடுமோ என்றுகூட அவர் அதைச் சிரிப்பில் கடக்கலாம்.

இதே இடத்தில் உங்களையும் ஒன்று கேட்க வேண்டும். பகல் முழுக்க அவரோடு இருந்தது மாமியார் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அவர் பெயர் அந்த நோட்டில் இருக்கிறதா? வயதான காலத்தில் மகன் எழுந்திருக்க முடியாமல் கிடப்பதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவர் அவர். "நமக்கு என்ன குறை" என்று அவர் சொல்வது உங்களை அடக்குவதற்கு என்று உங்களுக்குப் படுகிறது. தன்னைத் தேற்றிக்கொள்ளவும் அதைச் சொல்லலாம். அதற்காக நீங்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டியதில்லை. "குறை ஒண்ணும் இல்ல அத்தை, ஆனா ரொம்ப அலுத்துப்போயிட்டேன். உங்களுக்கு அலுப்பா இல்லையா?" என்று கேட்டுப் பாருங்கள். எல்லாம் நன்றாக இருக்கும்போதும் ஒரு மனுஷி களைத்துப்போகலாம்.

ராத்திரிப் பட்டியலை நிறுத்திவிடுங்கள். தோழி நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ இருவரும் 2003-இல் வெளியிட்ட, இந்தப் பழக்கத்தைப் பரப்பிய அந்த ஆய்வின் ஒரு பகுதியில், ஆட்கள் வாரத்துக்கு ஒரு முறை, அதிகபட்சம் ஐந்து விஷயங்களைத்தான் எழுதினார்கள். சோன்யா லுபோமிர்ஸ்கி என்ற ஆய்வாளர் பிறகு பார்த்தபோது, வாரம் ஒரு முறை எழுதியவர்களுக்குப் பலன் இருந்தது, மூன்று முறை எழுதியவர்களுக்கு இல்லை. தினமும் பத்து என்பது வீட்டுப்பாடம். வேண்டுமானால் வாரத்தில் ஒரு நாள், அந்த வாரம் நிஜமாகவே நடந்த ஒன்றை எழுதுங்கள். ஒன்றும் தோன்றாத வாரத்தை அப்படியே விட்டுவிடுங்கள்.

அழுகை பற்றி. இத்தனை மாதம் அழ நேரம் இல்லாமல் ஓடியிருக்கிறீர்கள், இப்போது வருகிறது. ஆனால் அழுகையோடு தூக்கம் கெடுவது, பசி இல்லாமல் போவது, எதிலும் பிடிப்பு இல்லாதது என்று இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாக எல்லா நாளும் இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். மனநல மருத்துவரை நேரில் பாருங்கள், கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். சாக வேண்டும் போலத் தோன்றினால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். அவருடைய முதுகுக்காக எத்தனை டாக்டர்களைப் பார்த்திருப்பீர்கள்! உங்களுக்காக ஒரு தடவை போய்வாருங்கள்.