மரபணுவை விடுங்கள், கழுத்தைக் கவனியுங்கள்

கேள்வி: வயது 31. அப்பா, அம்மா இருவருக்கும் சர்க்கரை நோய். பெற்றோரின் எபிஜெனெடிக் குறிகள் (மரபணுக்களின் வேலையைக் கூட்டிக் குறைக்கும் அடையாளங்கள்) கருவிலேயே பதிந்துவிடும், மாற்றவே முடியாது என்று இணையத்தில் படித்ததிலிருந்து நிம்மதி இல்லை. அந்தக் குறிகளைப் பார்க்கும் எச்சில் பரிசோதனை செய்து, அதைப் பார்த்து அதிக அளவில் ஃபோலிக் அமிலம் சாப்பிடுகிறேன். அம்மாவின் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினில் பாதியும் போட்டுக்கொள்கிறேன். முடி கொட்டுகிறது, சாப்பிட்டதும் தூக்கம் வருகிறது, கழுத்து கறுத்திருக்கிறது, மாதவிலக்கு தள்ளிப்போகிறது. அடுத்த வருடம் குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கிறோம். இது குழந்தைக்கும் போகுமா?

பதில்: முதலில் அம்மாவின் மாத்திரையை அம்மாவிடமே கொடுத்துவிடுங்கள். மெட்ஃபார்மின் நல்ல மருந்துதான். ஆனால் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் பாதி, கால் என்று உடைத்துப் போடுவது வைத்தியம் ஆகாது. நாள்பட அது பி12 அளவைக் குறைக்கலாம். அளவு மீறிய ஃபோலிக் அமிலமோ, பி12 குறைவால் வரும் ரத்தசோகையை வெளியே தெரியாமல் மறைத்துவிடும். நல்ல ஜோடியாகத்தான் பிடித்திருக்கிறீர்கள்! கருத்தரிக்கத் திட்டமிடுபவருக்கு வழக்கமான அளவு நாளுக்கு 400 மைக்ரோகிராம். அதற்கு மேல் வேண்டுமா என்பதை உங்கள் மருத்துவர் முடிவு செய்யட்டும்.

நீங்கள் படித்த பயத்துக்கு ஒரு மூலம் உண்டு. 1944-45இல் நெதர்லாந்தில் கடும் பஞ்சம் வந்தது. அப்போது கருவில் இருந்தவர்களை அறுபது ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்தபோது, ஐ.ஜி.எஃப்-2 என்ற மரபணுவின் மேல் இருக்கவேண்டிய மெத்தில் குறிகள் (எபிஜெனெடிக் குறிகளில் ஒரு வகை), பஞ்சத்தில் சிக்காத உடன்பிறந்தவர்களைவிடக் குறைவாக இருந்தன. அது பட்டினி கிடந்த ஒரு கூட்டத்தின் சராசரிக் கணக்கு. அதை வைத்து உங்களுக்கு ஜாதகம் எழுத முடியாது. கருவுற்ற சில நாட்களில் பெற்றோர் தந்த குறிகளில் பெரும்பகுதி அழிக்கப்பட்டுப் புதிதாக எழுதப்படுகிறது என்பதை அந்தப் பக்கங்கள் சொல்லியிருக்காது. 2012இல் வெளியான ஓர் ஆய்வில், உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாதவர்கள் ஒரே ஒருமுறை சைக்கிள் மிதித்த பிறகு, தொடைத் தசையில் சர்க்கரையை எரிக்க உதவும் சில மரபணுக்களின் மெத்தில் குறிகள் குறைந்தன. மாற்றவே முடியாதது இப்படியா மாறும்?

எச்சில் பரிசோதனை முடிவைத் தூக்கிப் போடுங்கள். இன்சுலின் எதிர்ப்பு, அதாவது இன்சுலின் இருந்தும் உடல் அதற்குச் சரியாகக் கட்டுப்படாத நிலை, நடப்பது கல்லீரலில், தசையில், கொழுப்பில். ஒவ்வொரு திசுவுக்கும் குறிகள் வேறு.

சரி, கழுத்துக்கு வருவோம். பின்கழுத்தைத் தடவிப் பாருங்கள். தோல் சற்றுத் தடித்து, வெல்வெட் துணி போல இருந்தால், தேய்த்தாலும் போகாவிட்டால், அக்குளிலும் அதே கருமை இருந்தால், க்ரீம் பூசி நேரத்தை வீணாக்காதீர்கள். ரத்தத்தில் இன்சுலின் அளவுக்கு மேல் ஓடும்போது தோல் செல்கள் தூண்டப்பட்டுப் பெருகும். அதுதான் இந்தத் தடிப்பு. மாதவிலக்கும் தள்ளிப்போவதால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது இந்த இரண்டும்தான்.

இந்த வாரமே வெறும் வயிற்று சர்க்கரையும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சியும் பாருங்கள். வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை, அல்லது எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் அது சர்க்கரை நோயின் முன்நிலை. அந்த நிலையில் உள்ளவர்கள் எடையில் 7 சதவீதம் குறைத்து, வாரம் 150 நிமிடம் நடந்தால் என்ன ஆகும் என்பதை 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. நோயாக முற்றுவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் குறைத்தது 31 சதவீதம்.

குழந்தைக்கு என்ன போகும் என்று கேட்டீர்கள். உறுப்புகள் உருவாகும் முதல் எட்டு வாரங்களில் தாயின் சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்தால் பிறவிக் குறைபாட்டின் அபாயம் கூடும். நான் கவலைப்படுவது இதற்குத்தான். அதனால் கருத்தரிக்கும் முன்பே சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும்.

முடி கொட்டுவதற்கு அதே ரத்தத்தில் தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்தால் போதும். சாப்பிட்டதும் தூக்கம் எனக்கும்தான் வருகிறது.

மாதவிலக்கு இப்போதும் தள்ளிப்போயிருந்தால், எல்லாவற்றுக்கும் முன்னால் கர்ப்பப் பரிசோதனை செய்துவிடுங்கள். விழுங்கிய மாத்திரைகள் எல்லாவற்றையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.