காணாமல் போன பூச்சியங்கள்

கேள்வி: வெள்ளவத்தையில் மாமா நடத்தும் புத்தகக் கடைக்கு நான் ஓர் இணையத்தளம் செய்து கொடுத்திருக்கிறேன். ஓடர் வந்ததும் அதன் விவரம் பொதிகளைக் கொண்டுபோய்க் கொடுக்கும் நிறுவனத்தின் மென்பொருளுக்குத் தானாகப் போக வேண்டும். சி.எஸ்.வி., எக்ஸ்.எம்.எல்., ஜேசன் மூன்றில் எதில் அனுப்பினாலும் சரி என்கிறார்கள். எதைத் தெரிவுசெய்வது? எக்ஸ்.எம்.எல். பழசாகிவிட்டது என்று நண்பர்கள் சொல்வது உண்மையா? மாதிரிக்கு ஓர் ஓடரை இணைத்திருக்கிறேன்.
(மாணவர் ஒருவர், வெள்ளவத்தை)

பதில்: ஜேசனிலேயே அனுப்புங்கள், தம்பி. மூன்றும் ஒரு மென்பொருள் இன்னொன்றுக்குத் தகவலை எழுதி அனுப்பும் முறைகள்: சி.எஸ்.வி. விவரங்களைக் காற்புள்ளியால் பிரிக்கும், எக்ஸ்.எம்.எல். ஒவ்வொன்றையும் குறிச்சொற்களுக்குள் வைக்கும், ஜேசன் பெயரும் மதிப்புமாக எழுதும். உங்கள் ஓடரில் இருப்பது பெயர், விலாசம், தொலைபேசி இலக்கம், நாலைந்து புத்தகங்கள், ஒரு தொகை. இந்த வேலைக்கு ஜேசன் தாராளமாகப் போதும்.

வித்தியாசத்தைக் கண்ணாலேயே பார்த்துவிடுங்கள். விலை 450 ரூபாய் என்பதை எக்ஸ்.எம்.எல்.லில் இப்படி எழுதுவோம்:

<விலை>450</விலை>

ஜேசனில் இப்படி:

"விலை": 450

முதலாவதில் திறந்த சொல்லைத் திரும்ப எழுதி மூட வேண்டும். அந்த 450 எண்ணா, வெறும் எழுத்தா என்று வரியைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதைச் சொல்ல வேறொரு வரையறைக் கோப்பு வேண்டும். இரண்டாவதில் 450ஐச் சுற்றி மேற்கோள் குறி இல்லை, ஆகவே அது எண். புத்தகங்கள் பல என்றால் சதுர அடைப்புக்குள் வரிசையாகப் போடுவீர்கள், ஒன்றே ஒன்று என்றாலும் அதே அடைப்புத்தான். எக்ஸ்.எம்.எல்.லில் பட்டியலுக்கென்று தனி அடையாளம் கிடையாது. ஒரே பெயரைத் திரும்பத் திரும்ப எழுதினால் அதுவே பட்டியல். அதனால் எக்ஸ்.எம்.எல்.லைத் தானாக மாற்றித் தரும் சில கருவிகள், மூன்று புத்தகம் வந்தால் பட்டியல் என்றும் ஒன்று வந்தால் பட்டியல் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளும். ஒரே ஒரு புத்தகம் வாங்கியவரின் ஓடர் மட்டும் விழுந்துவிடும். சோதிக்கும்போது நாம் இரண்டு மூன்றைப் போட்டுத்தான் பார்ப்போம். கடை திறந்து ஆட்கள் வாங்கத் தொடங்கிய பிறகே இது தெரியவரும்.

எக்ஸ்.எம்.எல். 1998 பெப்ரவரியில் வந்தது. ஜேசனை 2001 அளவில் டக்ளஸ் குரோக்ஃபோர்ட் என்ற அமெரிக்க நிரலாளர் முன்வைத்தார். உலாவிகளுக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியின் எழுத்துமுறையிலிருந்தே அதை எடுத்துக்கொண்டதால், உலாவிகளுக்குப் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அது பரவியதற்கு அதுவே பெரிய காரணம். ஆனால் எக்ஸ்.எம்.எல். பழசாகிவிட்டது என்பதை நான் ஏற்கமாட்டேன். இன்றைய வேர்ட் கோப்பு ஒன்றைப் பிரித்து உள்ளே பாருங்கள், இருப்பது எக்ஸ்.எம்.எல். வங்கிகள் நாடு விட்டு நாடு பணம் அனுப்பும்போது பரிமாறும் ஐ.எஸ்.ஓ. 20022 செய்திகளும் பெரும்பாலும் எக்ஸ்.எம்.எல்.லில்தான் போகின்றன. ஒரு பத்தியின் நடுவே ஒரு சொல்லை மட்டும் தடித்த எழுத்தாக்க வேண்டுமென்றால் ஜேசனோடு மல்லுக்கட்ட வேண்டும். எக்ஸ்.எம்.எல்.லுக்கு அது பிறவிக் குணம். உங்கள் மாமா நாளைக்கு மின்னூல் வெளியிடத் தொடங்கினால் நீங்களும் அந்தப் பக்கம் போகத்தான் வேண்டும்.

சரி, இனி உங்கள் மாதிரி ஓடருக்கு வருகிறேன். எனக்குப் பயம் தந்தது அதுதான். தொலைபேசி இலக்கம் 77 என்று தொடங்குகிறது, மேற்கோள் குறியும் இல்லை. முன்னால் இருந்த பூச்சியம் எங்கே?

பூச்சியத்தோடு, மேற்கோள் குறி இல்லாமல் எழுதியிருந்தால் ஜேசனே ஏற்றுக்கொண்டிருக்காது. எண்ணின் முன்னால் வீண் பூச்சியம் வரக்கூடாது என்பது அதன் இலக்கணம். பிழை அந்த இடத்திலேயே தெரிந்திருக்கும். உங்கள் நிரல் அதற்கு முன்பே இலக்கத்தை எண்ணாக மாற்றிவிட்டது. அப்புறம் யாருக்கும் எந்தப் பிழையும் தெரியாது, ஒன்பது இலக்கம் சத்தமில்லாமல் போய்ச் சேரும்.

பல வருடங்களுக்கு முன் கொள்ளுப்பிட்டியில் ஒரு நிறுவனத்தில் வேலை செய்தேன். தீபாவளிக்கு முதல் கிழமை, சம்பளக் கோப்பு வங்கிக்குப் போக வேண்டும். அது சி.எஸ்.வி. கோப்பு. ஒருவருடைய பெயரில் எழுத்துப்பிழை இருந்தது. எக்செலில் திறந்தேன், திருத்தினேன், சேமித்து அனுப்பினேன். கணக்கு இலக்கங்களின் முன்னால் நின்ற பூச்சியங்களை எக்செல் கழற்றிவிட்டதை நான் பார்க்கவில்லை. கைத்தொலைபேசி இலக்கமென்றால் முன்னால் ஒரு பூச்சியத்தைப் போட்டுச் சரிக்கட்டலாம். வங்கிக் கணக்கு இலக்கத்தின் நீளம் வங்கிக்கு வங்கி வேறு. போனது ஒன்றா மூன்றா என்று எதைப் பார்த்துச் சொல்வது? பதினொரு பேரின் சம்பளம் திரும்பி வந்தது. மறுநாள் காலை, எங்களுக்குத் தேநீர் போட்டுத் தரும் அம்மா என் மேசைக்கு வந்து, "தம்பி, இண்டைக்குப் பிள்ளையளுக்கு உடுப்பு எடுக்கப் போவம் எண்டு இருந்தனான். காசு விழேல்லை" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அன்று பகல் முழுக்க எல்லாருடைய வங்கிப் புத்தகப் பிரதிகளையும் வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வோர் இலக்கத்தையும் கையால் அடித்தேன். அவருடையதைத்தான் முதலில் அடித்தேன்.

ஆகவே தம்பி, எதைக் கூட்டிக் கழிக்கப் போவதில்லையோ அது எண் அல்ல. தொலைபேசி, கணக்கு இலக்கம், தேசிய அடையாள அட்டை இலக்கம், புத்தகத்தின் ஐ.எஸ்.பி.என். என்ற சர்வதேச அடையாள இலக்கம் எல்லாவற்றையும் மேற்கோள் குறிக்குள் வையுங்கள். ஐ.எஸ்.பி.என். உங்களுக்கு நாளாந்தம் வரும் விஷயம். நம் நாட்டுப் புத்தகங்களில் 978க்குப் பின் 955 அல்லது 624 என்று வரும் அந்தப் பதின்மூன்று இலக்கங்களை எக்செல் சுருக்கி அறிவியல் குறியீடாகக் காட்டும். ஜேசனிலும் எல்லை உண்டு. ஜாவாஸ்கிரிப்ட் பிசகாமல் வைத்திருக்கக்கூடிய மிகப் பெரிய முழு எண் 9007199254740991. அதைத் தாண்டினால் கடைசி இலக்கங்கள் மாறிப்போகலாம். ட்விட்டர் தன் பதிவு இலக்கங்களை எழுத்து வடிவிலும் சேர்த்து அனுப்பத் தொடங்கியது இதனால்தான்.

விலையைச் சதத்தில், முழு எண்ணாக அனுப்புங்கள். திகதியை 2025-04-03 என்று ஆண்டு முதலாக எழுதுங்கள்; 03/04 என்று எழுதினால் ஏப்ரல் 3 என்று நீங்கள் நினைப்பீர்கள், மார்ச் 4 என்று அவர்களுடைய நிரல் நினைக்கலாம். நேரத்தோடு, அது இலங்கை நேரம் என்று காட்டும் +05:30ஐயும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால், உலகப் பொது நேரத்தில் ஓடும் சேவையகத்தில் அதிகாலை 4 மணி ஓடர் முதல் நாளின் கணக்கில் விழும்.

கேள்வி: எங்கள் சங்க நூலகத்தின் பட்டியல் பாமினி எழுத்துருவில், எக்செலில் இருக்கிறது. சி.எஸ்.வி. ஆக்கி இணையத்தில் ஏற்ற நானே ஒரு சிறிய நிரல் எழுதினேன். சில தலைப்புகள் மட்டும் இரண்டு கட்டங்களாக உடைகின்றன. யுனிகோடுக்கு மாற்றிய பிறகு உடைவதில்லை, ஆனால் அந்தக் கோப்பை எக்செலில் திறந்தால் எல்லாம் குப்பையாகத் தெரிகிறது.
(வாசகி ஒருவர், கொட்டாஞ்சேனை)

பதில்: உடைந்த தலைப்புகளை ஒருமுறை வரிசையாகப் பாருங்கள். எல்லாவற்றிலும் 'இ' இருக்கும். பாமினியில் நாம் காணும் தமிழ் ஒரு முகமூடிதான். அடியில் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும். அங்கே 'இ' என்பது காற்புள்ளி. 'இலங்கை' என்று நீங்கள் வாசிப்பது கணினிக்குக் காற்புள்ளியில் தொடங்கும் ஒரு சொல். எக்செல் அப்படிப்பட்ட கட்டத்தை மேற்கோள் குறிக்குள் வைத்தே எழுதித் தரும்; உங்கள் நிரல் அந்தக் குறியைக் கவனிக்காமல், காற்புள்ளியைக் கண்ட இடமெல்லாம் வெட்டுகிறது. முதல் கட்டத்தில் வெறும் மேற்கோள் குறி நிற்க, 'லங்கை' அடுத்த கட்டத்துக்குப் போகிறது. காற்புள்ளிக்குப் பதிலாக அரைப்புள்ளியால் பிரிக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள், பாமினியில் அரைப்புள்ளிதான் மெய்யெழுத்தின் புள்ளி. எக்ஸ்.எம்.எல்.லுக்குப் போனாலும் தப்ப முடியாது. பாமினியில் 'ஈ' என்பது கோண அடைப்பின் திறப்பு. 'ஈழம்' என்ற சொல்லைக் கண்டதும் எக்ஸ்.எம்.எல். புதிய குறிச்சொல் தொடங்குகிறது என்று நினைக்கும்.

ஆகவே முதலில், எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனிக் குறியீடு தரும் யுனிகோட், பிறகுதான் மற்றதெல்லாம். அதை நீங்கள் செய்துவிட்டீர்கள். கோப்பு பழுதாகவில்லை, பயப்பட வேண்டாம். யுனிகோடைக் கோப்பில் எழுதும் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட் (கணினி தகவலை அளக்கும் சிறு அலகு) வேண்டும். 'கொழும்பு' எட்டுக் குறியீடு, 24 பைட். கோப்பு எந்த முறையில் எழுதப்பட்டது என்று சி.எஸ்.வி. தன் வாயால் சொல்லாது, அதனால் எக்செல் ஒவ்வொரு பைட்டையும் ஓர் ஐரோப்பிய எழுத்தாக நினைத்து 24 துண்டாக்கிக் காட்டுகிறது. எக்செலில் சேமிக்கும்போது யுடிஎஃப்-8 சி.எஸ்.வி. என்ற வகையைத் தெரிவுசெய்தால் கோப்பின் தலையில் மூன்று பைட் அடையாளம் ஒன்று சேரும். அடுத்த முறை சரியாகத் திறக்கும். அதே அடையாளத்தை ஜேசனில் வைத்து இணையம் வழியே அனுப்ப வேண்டாம், அங்கே அது கூடாது. உங்கள் நிரலில் சி.எஸ்.வி.யைப் பிரிக்க, நிரல்மொழியோடு வரும் ஆயத்த நிரல் தொகுப்பையே பயன்படுத்துங்கள், கையால் வெட்ட வேண்டாம்.

கேள்வி: ஜேசனில் 'விலை', 'பெயர்' என்று சாவிச் சொற்களையே தமிழில் வைக்கலாமா?
(வாசகர், மட்டக்குளி)

பதில்: தாராளமாக வைக்கலாம், ஜேசன் தடுக்காது. உங்கள் நிரல்களுக்குள்ளே மட்டும் ஓடுவதென்றால் எனக்கும் அது பிடித்த விஷயம். வெளியார் வாசிப்பதென்றால் அவர்கள் தட்டச்சு செய்யக்கூடிய சொற்களாக வையுங்கள். சாவியின் உள்ளே இருக்கும் பெயரையும் விலாசத்தையும் மட்டும் தமிழிலேயே அனுப்புங்கள், அதை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

ஒன்றைக் கவனியுங்கள். 'கொ' என்பதை யுனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒற்றைக் குறியாக 'ொ' போடலாம், அல்லது கொம்பையும் காலையும் தனித்தனியாகப் போடலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். நிரலுக்கு அவை வேறு வேறு சொற்கள், ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காது. இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் இயல்பாக்க வசதி பெரும்பாலான நிரல்மொழிகளில் கிடைக்கும். தகவல் உள்ளே வரும் வாசலிலேயே அதைப் போட்டுவிடுங்கள். நம்பிக்கை வராவிட்டால் 'கொழும்பு' என்று இரண்டு விதமாகவும் அடித்து, நீளத்தை எண்ணச் சொல்லிப் பாருங்கள். ஜாவாஸ்கிரிப்டில் ஒன்று 8 என்று வரும், மற்றது 9.