பிளேட்டில் கல்லீரல் செல்கள் ஏன் பித்த வாய்க்கால் போடுவதில்லை?

கேள்வி: கோவையில் ஆய்வு மாணவியாக இருக்கிறேன். கீழாநெல்லிச் சாறு பித்தம் வெளியேறுவதைக் கூட்டுகிறதா என்று பார்க்க, எலியின் கல்லீரல் செல்களைப் பிரித்துக் கொலாஜன் பூசிய பிளேட்டில் வளர்க்கிறேன். முதல் நாள் நன்றாக ஒட்டுகின்றன. மூன்றாம் நாளுக்குள் தட்டையாகிப் பரவிவிடுகின்றன. பித்த வாய்க்கால் வரவே இல்லை. ஹெப்-ஜி2 என்ற கல்லீரல் புற்றுச் செல் வகைக்கு மாறிவிடலாமா மேடம்?

பதில்: மாற வேண்டாம். முதல் நாள் நன்றாக ஒட்டுகிறது என்றால் செல்களில் பெரிய குறை இருக்காது. அவை உட்கார்ந்திருக்கும் இடத்தைச் சரிசெய்தால் போதும்.

குடல் செல்லுக்கு மேல், கீழ் என்று ஒரே திசைதான். கல்லீரல் செல் அப்படி இல்லை. ரத்தம் படும் முகங்கள் தனி. பக்கத்துச் செல்லோடு ஒட்டும் முகத்தில் ஒரு மெல்லிய பள்ளம் இருக்கும். எதிர்ச் செல்லிலும் அதே இடத்தில் ஒரு பள்ளம். இரண்டும் பொருந்தினால்தான் பித்த வாய்க்கால். நம் ஈரோட்டுக் காலிங்கராயன் வாய்க்காலுக்குத் தனியாகக் கரை இருக்கிறது. இதற்கு அண்டைச் செல்களின் சவ்வேதான் கரை. செல்களை இறுக்கிச் சேர்க்கும் சந்தியான டைட் ஜங்ஷன்தான் கசியாமல் பூசிய சாந்து. அதனால் ஒற்றைச் செல்லால் இதை வெட்டவே முடியாது.

செல்களைப் பிரிக்கும்போது முதலில் கால்சியம் இல்லாத கரைசலையும் பிறகு கொலாஜனை அறுக்கும் கொலாஜினேஸ் நொதியையும் ஓட்டுகிறோம். அதில் சந்திகள் எல்லாம் அறுந்துபோகின்றன. கையில் கிடைக்கும் உருண்டைச் செல்லுக்கு எது ரத்தப் பக்கம், எது பித்தப் பக்கம் என்ற அடையாளமே இல்லை. பித்தத்தை வெளியே தள்ளும் எம்ஆர்பி2, பிஎஸ்இபி பம்புகளும் சவ்வை விட்டு உள்ளே போய்விடுகின்றன. பிளேட்டில் எல்லாவற்றையும் முதலிலிருந்து கட்ட வேண்டும். ஈ-கேட்ஹெரின் என்ற புரதம் இரண்டு செல்களைப் பிடித்து நிறுத்தும். அந்த இடத்தில் இசட்ஓ-1 என்ற இன்னொரு புரதம் சேர்ந்து சந்தியை இறுக்கும். நடுவில் சின்ன வட்டக் குழி திறக்கும். பம்புகள் அங்கே திரும்பி வரும். சுற்றிலும் செல்லுக்கு வடிவம் தரும் ஆக்டின் இழைகள் தடிக்கும். அப்புறம்தான் குழிகள் நீண்டு, கிளைவிட்டு, ஒன்றோடொன்று சேரும். இந்தக் கடைசிக் கட்டத்துக்குச் செல்லின் ஆற்றல் நிலையைக் கவனிக்கும் எல்கேபி1, ஏஎம்பிகே என்ற இரண்டு நொதிகள் தேவை என்று இர்வின் ஏரியஸின் குழு 2010இல் காட்டியது. டாரோகோலேட் என்ற பித்த அமிலம் அதே வழியில் வலையமைப்பை வேகப்படுத்துகிறது என்பது 2011இல் அதே குழு கண்டது. பித்தமே தன் வாய்க்காலைத் தூர்வாரிக்கொள்கிறது என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் வியப்புதான்.

சரி, உங்கள் பிளேட்டுக்கு வருவோம். அடியில் மட்டும் கொலாஜன் இருந்தால் செல்லின் மேல் முகம் வெறும் மீடியத்தில், அதாவது வளர்ப்புத் திரவத்தில், நிற்கிறது. செல் பரவுகிறது, ஆக்டின் பிளேட்டை நோக்கி இழுபடுகிறது, கல்லீரலுக்கே உரிய மரபணுக்கள் அடங்கிப்போகின்றன. உடலில் இந்தச் செல்லுக்கு இரண்டு பக்கமும் மேட்ரிக்ஸ், அதாவது செல்லைத் தாங்கும் புரதப் பின்னல், உண்டு. அதைப் பிளேட்டில் கொடுத்துப் பார்த்தவர்கள் ஜேம்ஸ் டன், யார்முஷ் முதலானோர். 1989இல் வந்த அந்தச் சாண்ட்விச் முறைதான் உங்களுக்கும் வழி. செல் ஒட்டி ஒரு நாள் ஆனதும் மேலே இன்னொரு அடுக்கு போடுங்கள். கொலாஜன் ஜெல்லாக இருக்கலாம். குளிர்ந்த மீடியத்தில் ஒரு மில்லிக்கு 0.25 மி.கி. கலந்த மேட்ரிஜெல் என்ற மேட்ரிக்ஸ் ஜெல்லும் போதும். மேட்ரிஜெல் அறை வெப்பத்திலேயே உறையத் தொடங்கும். ஈரோட்டு ஏப்ரல் வெயில் உள்ளே எட்டிப்பார்க்கும் ஆய்வகம் என்றால் பிப்பெட் முனைகளையும் ஐஸில் வைத்துவிடுங்கள். சீரத்தை ஒட்டும் நேரத்துக்கு மட்டும் வையுங்கள். பிறகு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, இன்சுலின் சேர்த்த சீரமில்லா மீடியம், தினம் மாற்ற வேண்டும். எலிச் செல்லில் நான்காம் நாள் வாக்கில் கிளை கிளையாக வெளிச்சக் கோடுகள் தெரியும். மூன்றாம் நாளே மனம் விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று, செல் அடர்த்தி. செல் கிடைப்பது அரிது என்று நான் ஒருகாலத்தில் சிக்கனமாகத் தூவினேன், இரண்டு மாதம் வீணாயிற்று. அண்டையில்லாத செல்லுக்குக் கரை எங்கே? சதுர செ.மீ.க்கு 1 முதல் 1.5 லட்சம் உயிருள்ள செல்கள் வேண்டும். ஆறு குழிப் பிளேட்டில் ஒரு குழிக்கு சுமார் 10 முதல் 14 லட்சம். தூவியதும் பிளேட்டை வட்டமாகச் சுழற்றாதீர்கள், செல் எல்லாம் நடுவில் குவியும். முன்னும் பின்னும், இடமும் வலமும் மெல்ல நகர்த்துங்கள்.

கோடு தெரிந்ததும் வாய்க்கால் வந்துவிட்டது என்று எழுதிவிட வேண்டாம். தண்ணீர் ஓடுகிறதா என்று பாருங்கள். சிடிஎஃப்டிஏ சாயத்தைக் கொடுத்தால் செல்லுக்குள் வெட்டுப்பட்டு ஒளிரும். எம்ஆர்பி2 அதை வாய்க்காலில் தள்ளும். செல் முழுக்கப் பச்சையாக நின்றால் பம்பு அங்கே போய்ச் சேரவில்லை. பிளேட்டின் ஒரு குழியில் கால்சியம் உள்ள கரைசலும் அடுத்ததில் கால்சியம் இல்லாததும் பத்து நிமிடம் வையுங்கள். இரண்டாவதில் சந்தி திறந்து, வாய்க்காலில் தேங்கியது வெளியேறிவிடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உண்மையில் பித்தப் பக்கம் போன அளவு.

ஹெப்-ஜி2 பற்றி: அதுவும் ரத்தப் பக்கம், பித்தப் பக்கம் என்று துருவம் பெறும், ஆனால் இரண்டு செல்லுக்கு நடுவே வட்டக் குழியாக நின்றுவிடும். பித்த அமிலத்தை உள்ளே எடுக்கும் என்டிசிபியும் வெளியே தள்ளும் பிஎஸ்இபியும் அதில் மிகக் குறைவு. உங்கள் கேள்விக்கு அது பதில் சொல்லாது. ஆய்வகத்தில் தொடர்ந்து பெருகும் செல் லைன்தான் வேண்டும் என்றால் ஹெப்பா-ஆர்ஜி பாருங்கள். இரண்டு வாரம் வளர்த்து, இன்னும் இரண்டு வாரம் 2% டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பான் சேர்த்த மீடியத்தில் வைக்கும் பொறுமை வேண்டும்.

கடைசியாகக் கீழாநெல்லி. முதல் நாளே சாற்றை ஊற்றினால், வாய்க்கால் உருவாவதைச் சாறு மாற்றுகிறதா என்பது தெரியும். நான்காம் நாள் ஊற்றினால், ஓடுகிற வாய்க்காலில் ஓட்டம் கூடுகிறதா என்பது தெரியும். இவை இரண்டு தனிச் சோதனைகள்; ஒரே வரைபடத்தில் கலக்காதீர்கள். ஒப்பீட்டுக்கு, பிஎஸ்இபியைத் தடுக்கும் சைக்ளோஸ்போரின்-ஏ ஒரு குழியில் இருக்கட்டும், சாற்றைக் கரைத்த திரவம் மட்டும் ஒரு குழியில். இலைச்சாறு தானாகவே ஒளிரக்கூடும் என்பதால், சாயம் போடாமல் சாறு மட்டும் சேர்த்த குழி ஒன்றையும் ஒவ்வொரு பிளேட்டிலும் வைத்துவிடுங்கள்.