காலையில் கோப்பு, மாலையில் மேடை

கேள்வி: முதுகலை வரலாறு படிக்கிறேன். பிரிட்டிஷ் ஆட்சியில் தடை செய்யப்பட்ட தமிழ் நாடகங்கள் பற்றி ஆய்வேடு எழுத, எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு முதல் முறையாகப் போகிறேன். அன்றே மாலை 5 மணிக்குக் கோடம்பாக்கத்தில் ஒரு நாடகக் குழுவின் நடிகர் தேர்வு. இரண்டும் ஒரே நாளில் சாத்தியமா?
- வாசகி, விழுப்புரம்

பதில்: சாத்தியம்தான். ஆனால் காப்பகத்தில் காரியம் நடக்குமா என்பது நீங்கள் ரயில் ஏறுவதற்கு முன்பே முடிவாகிவிடும். துறைத் தலைவரின் கடிதம், அடையாள அட்டை நகல், ஆய்வுத் தலைப்பு, பார்க்கப்போகும் ஆண்டுகள் ஆகியவற்றை முன்கூட்டியே அனுப்பி அனுமதி பெற்றுவிடுங்கள். சனி, ஞாயிறு வேண்டாம்.

கோப்பு கேட்கும் சீட்டில் துறை, அரசாணை எண், தேதி மூன்றும் இருக்க வேண்டும். இவற்றை ஆண்டுவாரி இண்டெக்ஸ் தொகுதிகளில் தேடி எடுப்பதிலேயே காலைப் பொழுது போய்விடும். பலர் நாடகத்தின் பெயரை மட்டும் தேடிவிட்டு, ஒன்றுமில்லை என்று திரும்பிவிடுகிறார்கள். மேடையேற்றத்துக்குத் தடை 1876ஆம் ஆண்டு நாடகச் சட்டப்படி வரும். அச்சிட்ட நாடக நூலைப் பறிமுதல் செய்தது 1910, 1931 பத்திரிகைச் சட்டங்களின் கீழ் வரும். இரண்டு வழியிலும் தேடுங்கள். தமிழ்ப் பெயர்களை அன்றைய குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றிப் பாருங்கள். சீட்டை மதியத்துக்கு முன் கொடுத்துவிடுங்கள். கொடுத்தாலும் எல்லாக் கோப்பும் அன்றே கைக்கு வரும் என்று எண்ண வேண்டாம். முக்கியமான மூன்றை முதலில் கேளுங்கள்.

பேனா வேண்டாம், பென்சில் போதும். பழைய தாள் ஓரத்தில் அப்பளமாக நொறுங்கும். விரலில் எச்சில் தொடாமல், மேல் மூலையைப் பிடித்துத் திருப்புங்கள். அனுமதியில்லாமல் கைப்பேசியில் படம் எடுக்கக் கூடாது.

முகக்கவசம் கட்டாயம் எடுத்துப் போங்கள். கோப்புத் தூசி தொண்டையில் இறங்கினால் மாலையில் குரல் கட்டிவிடும். கரகரத்தால் பலமாகக் கனைக்காதீர்கள், இன்னும் மோசமாகும். வெளியே வந்து வெதுவெதுப்பான தண்ணீர் குடியுங்கள்.

மாலை மூன்றரைக்குக் காப்பகத்திலிருந்து கிளம்பிவிடுங்கள். எழும்பூரில் தாம்பரம் பக்கம் போகும் மின்சார ரயிலில் ஏறினால் சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம், அடுத்தது கோடம்பாக்கம். மிச்ச நேரத்தில் முகம் கழுவிக் குரலைப் பழக்கலாம்.

தேர்வுக்கு இரண்டு நிமிடப் பகுதி ஒன்று மனப்பாடமாக இருக்கட்டும். சினிமா வசனம் வேண்டாம். அந்த நடிகரின் குரல்தான் கேட்கும், உங்களுடையது கேட்காது. கையில் தாளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னால், யாரிடம் பேசுகிறோம் என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். தாளை மார்பளவில் பிடியுங்கள், முகத்தை மறைக்காதீர்கள். புதியவர்கள் வாக்கிய முடிவை விழுங்கிவிடுவார்கள். தமிழில் வினை வருவதே அங்கேதான். ‘வருவேன்’ என்றாரா, ‘வரமாட்டேன்’ என்றாரா என்று கடைசி வரிசைக்குத் தெரியாமலே போய்விடும்.

‘இதையே கோபமில்லாமல் சொல்லுங்க’ என்று இயக்குநர் கேட்டால் பதறாதீர்கள். முதல் தடவை சரியில்லை என்று அர்த்தமில்லை. சொன்னதை வாங்கி மாற்றுகிறீர்களா என்றுதான் பார்க்கிறார். கொஞ்சமாக இல்லாமல் துணிந்து மாற்றிக் காட்டுங்கள்.

இரவு ரயிலைப் பிடிக்க வேண்டும் என்பதைப் போனவுடனே சொல்லி, உங்கள் பெயரைப் பட்டியலில் முன்னால் போடச் சொல்லுங்கள்.